மூன்றாம் மைல் கல்

என் தங்கை ஸ்யாமளா ஓடுகிறாள் என்று சொன்னால் எங்கள் தெருவில், "யாரோட?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இத்தனை கூத்தும். அவள் தனியாகத்தான் ஓடினாள். மூவாயிரம் மீட்டர். காலேஜில் இருந்தவரை அங்கே மைதானத்தில் ஓடி, கப்பும் கேடயமுமாகக் கொண்டுவந்து ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். எண்பத்துநாலாம் வருஷம் பி.எஸ்ஸி. முடித்து வீட்டோடு வந்ததும் மைதானம் போய்விட்டது. ஓட்டம் மட்டும் போகவில்லை.

எங்கள் அப்பா வெங்கட்ரமணன் தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க். எதையும் நிபந்தனை போடாமல் அனுமதித்த வழக்கம் அவருக்குக் கிடையாது. இந்த வருஷம் மெட்ராஸில் நடக்கிற மாநிலத் தேர்வு ஓட்டம்தான் கடைசி. அதில் தேறவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு பி.எட். சேர வேண்டும் என்றார். அதுவரை தெரிந்தவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஓட வேண்டும், பஞ்சாபகேசன் கூடப் போக வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். பஞ்சாபகேசன் நான்தான். இருபத்தெட்டு வயது, கட்டட வேலை பார்க்கும் ஓர் அரசாங்க ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன், ஏழு மணிக்கு முன்னால் எழுந்து பழக்கமில்லாதவன். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

தெரிந்தவர் கண்ணில் படாத இடம் மதுரையில் எங்கே இருக்கிறது? முதலில் திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி ஓட விட்டேன். இரண்டாம் நாளே ஒரு மாமி அவளை மறித்து நெற்றியில் விபூதி பூசி, எதற்கு வேண்டுதல், கல்யாணத்துக்கா உத்தியோகத்துக்கா என்று விசாரித்தாள். நான்காம் நாள் பின்னால் ஏழெட்டுப் பேர் அரோகரா போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவர் என் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாலை போட்டார். அடுத்து வைகை மணல். அதில் முட்டி வரைக்கும் கால் புதைந்தது. எருமை குளிப்பாட்டுகிறவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு, பொண்ணை யார் துரத்துகிறது என்று என்னைக் கேட்டார்கள். அவள் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன் நான் என்பதால், கேட்ட தோரணையும் சரியில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது போல ஆயிற்று என் பிழைப்பு.

கடைசியில் ஆபீஸ் பியூன்தான் குவாரி லைனைச் சொன்னான். போடி ரயில் பாதையிலிருந்து பிரிந்து, நாகமலை அடிவாரத்தில் ஜல்லி உடைக்கிற இடத்துக்கு வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கிளைப் பாதை போட்டிருந்தார்களாம். குவாரி மூடியதும் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மேடு மட்டும் மிச்சம். போய்ப் பார்த்தேன். நிஜமாகவே நல்ல பாதைதான். வயல்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மண்மேடு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றம், மலைக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு பாறையைப் பிளந்து அதன் நடுவே வழி. ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர ஆளில்லை. எங்கள் வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர். ஓடப் போகிறவள் களைத்துவிடக் கூடாது என்பதற்காக அவளைக் கேரியரில் உட்காரவைத்து நான் மிதிக்க வேண்டும். ஓட்டக்காரி யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

அந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்தது மைல் கற்கள். முதல் கல் பாதை பிரிகிற இடத்தைத் தாண்டி நின்றது, ஒன்று என்று செதுக்கியிருந்தது. இரண்டாம் கல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. யாரோ பெயர்த்துக்கொண்டு போய்ப் பக்கத்துப் பம்புசெட்டில் துணி துவைக்கப் போட்டிருந்தார்கள். மூன்றாம் கல் பாறை வெட்டைத் தாண்டி ஒரு வேம்பின் அடியில் இருந்தது. எண்ணெயும் மஞ்சளும் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் இரண்டு அரிவாள் நட்டிருந்தார்கள். மூன்று என்ற எண் எண்ணெய்ப் பிசுக்குக்குள் மங்கலாகத் தெரிந்தது. மூணாங்கல் கருப்பு என்று அதற்குப் பெயர். பக்கத்து வயல்காரி முத்துத்தாய்தான் அதற்கு விளக்கு வைப்பாள். நாற்பது வயதிருக்கும். ஸ்யாமளாவுக்குத் தினமும் சொம்பில் தண்ணீர் வைத்திருப்பாள். எனக்கு வைத்ததில்லை.

ஒன்றிலிருந்து மூன்று, இரண்டு மைல். அதாவது மூவாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு மீட்டர். அளப்பது என் தொழில். ஆபீஸிலிருந்து முப்பது மீட்டர் டேப்பைக் கொண்டுவந்து, ஸ்யாமளாவை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, முதல் கல்லிலிருந்து இருநூற்றுப் பதினெட்டு மீட்டரை ஒரு விரல்கடை பிசகாமல் அளந்தேன். அங்கே சுண்ணாம்பால் கோடு போட்டேன். கோட்டிலிருந்து கருப்பசாமி வரை சுத்தமாக மூவாயிரம். மீதித் தூரத்தையும் டேப் பிடித்துப் பார்த்துவிடலாமே என்று அவள் கேட்டாள். நூறு தடவை டேப்பை விரித்துச் சுருட்ட வேண்டும், வழியெல்லாம் கருவேல முள், வேறு வேலையில்லையா என்று கத்தினேன். துவைக்கிற கல் நகரும். சாமி நகருமா? இதுதான் என் கணக்கு.

சித்திரையில் ஆரம்பித்தோம். மேட்டின் மேல் ஜல்லி கிடந்ததால் சைக்கிள் போகாது. கோட்டில் அவளைக் கிளப்பிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கீழே வண்டிப் பாதையில் மிதித்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் அவளுக்கு முன்னால் நிற்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். வாரத்துக்கு இரண்டு பஞ்சர். ஒரு கறுப்பு நாய் என் இடது கெண்டைக்காலை மட்டும் குறி வைத்தது. ஒருநாள் நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். வண்டிக்காரனிடம் அவசரம் என்றேன். அவன் திரும்பிப் பார்த்து, எனக்கு இல்லை என்றான். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தண்ணீர் குடித்து முடித்து முத்துத்தாயோடு கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். அன்றைய ஓட்டம் வீண்.

மெட்ராஸுக்குக் கூப்பிட வேண்டுமானால் பதினொரு நிமிடம் பத்து வினாடிக்குள் ஓடியிருக்க வேண்டும். அவள் முதல் மாதம் பன்னிரண்டு நாற்பது. பிறகு பன்னிரண்டு இருபது. ஆனியில் பதினொன்று ஐம்பத்திரண்டு வந்தது. அதற்குக் கீழே ஒரு வினாடி இறங்கவில்லை. நான் என்னென்ன பேசினேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. சாதத்தைக் குறைக்கச் சொன்னேன். தூங்கி வழிகிறாய் என்றேன். காலேஜ் கப்பெல்லாம் நோஞ்சான்களை ஜெயித்து வாங்கியது என்றுகூடச் சொன்னேன். என் ஏழு மணித் தூக்கம் போன கோபம், நாய்க்கடிக்குப் பயந்த கோபம், எல்லாவற்றையும் அந்த நாற்பத்திரண்டு வினாடி மேல் போட்டேன்.

ஒருநாள் அவள் மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "அண்ணா, இது மூவாயிரத்துக்கு மேல இருக்கு. என் காலுக்குத் தெரியறது" என்றாள்.

வெள்ளைக்காரன் சங்கிலி போட்டு அளந்து நட்ட கல்லைவிட உன் காலுக்குத் தெரியுமோ என்று கேட்டேன். கடைசியில் வருகிற எல்லோருக்கும் பாதை நீளமாகத்தான் இருக்கும் என்றும் சொன்னேன். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் சொன்னால் அளவில் தப்பிருக்காது என்று சின்ன வயதிலிருந்து நம்புகிறவள்.

ஆனி கடைசியில் விளையாட்டுச் சங்கத்திலிருந்து படிவம் வந்தது. சிறந்த நேரம் என்று ஒரு கட்டம், நேரம் எடுத்தவர் கையெழுத்து என்று ஒரு கோடு. அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, பதினொன்று எட்டு என்று போட்டுவிடு, அங்கே போய் ஓடிக் காட்டிவிடுகிறேன் என்றாள். அதற்கு முன்னால் அவள் என்னிடம் எதையும் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. நான் மாட்டேன் என்றேன். அளவில் பொய் எழுதுகிறவன் நாளைக்குக் கட்டடத்திலும் எழுதுவான், எவன் தலையிலாவது அது இடிந்து விழும் என்று பிரசங்கம் செய்தேன். அம்மா அனந்தலக்ஷ்மி, அம்பது வினாடியில் என்னடா குடிமுழுகிப்போறது என்றாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, பெருமையாகத் தலையாட்டினார். பதினொன்று ஐம்பத்திரண்டு என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆடி பிறந்து பத்து நாளில் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. அன்றிலிருந்து ஐந்தரை மணிக்கு யாரும் என்னை எழுப்பவில்லை. ஷூவைக் கழுவிக் காயவைத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள். அப்பா பி.எட். படிவம் வாங்கிவந்தார். பேசாமல் பூர்த்தி செய்து கொடுத்தாள். நானோ காலையில் ஏழு மணி வரை புரண்டுகொண்டு கிடந்தேன். தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை. அதற்கும் அவள் மேலேயே எரிச்சல் வந்தது.

ஆடிக் கடைசி வெள்ளி மூணாங்கல் கருப்புக்குப் பொங்கல் என்றும், தங்கச்சியைக் கட்டாயம் கூட்டி வர வேண்டும் என்றும் முத்துத்தாய் முன்பே சொல்லியிருந்தாள். ஸ்யாமளா வரமாட்டேன் என்றாள். இத்தனை நாள் தண்ணீர் கொடுத்தவள், ஒருவராவது தலைகாட்ட வேண்டாமா என்று லீவு போட்டுவிட்டு நான் மட்டும் போனேன்.

வேப்பமரத்தடியில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். முத்துத்தாயின் கொழுந்தன் பேயாண்டிதான் சாமியாடி. ஆடி முடித்து வேர்வையோடு உட்கார்ந்திருந்தவர், அடுத்த வருஷம் மரத்துக்கு மேற்கே கூரை போட வேண்டும், சாமி கேட்கிறது என்றார். பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, நூறு வருஷமாக வெயிலில் நின்ற சாமிக்கு இப்போதுதான் நிழல் கேட்கத் தோன்றியதா என்று முத்துத்தாயிடம் கேட்டேன்.

"நூறு வருசமா? நல்லா இருக்கே. சாமி இங்கிட்டு வந்து உக்காந்து ஆறு வருசந்தேன் தம்பி ஆகுது" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளே சாவகாசமாகச் சொன்னாள். கல் முன்னால் பாறை வெட்டுக்குள்ளே இருந்ததாம். உள்ளே இடம் குறுகல், பொங்கல் வைக்க நாலு பேர் உட்கார முடியாது, மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர். ஒரு வருஷம் பேயாண்டி மேல் சாமி வந்து, எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது, வேம்படிக்குக் கூட்டிப் போ என்று சொல்லிவிட்டது. எட்டு ஆள் கடப்பாறை போட்டுப் பெயர்த்து, மேளம் கொட்டித் தூக்கிவந்து நட்டார்களாம். சாமி லேசாகத்தான் இருந்தது, மனசிருந்ததால் கனக்கவில்லை என்றாள்.

பொங்கல் இலையைக் கையில் வைத்தபடியே கேட்டேன். "எம்புட்டு தூரம் தள்ளி வச்சீங்க?"

"அது யாரு அளந்தா? கூப்பிடு தூரம் இருக்கும்."

இலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, ஓட்டம் ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக வெட்டுப் பக்கம் மேட்டின் மேல் நடந்தேன். வெட்டுக்குள்ளே, பாதை ஓரத்தில், முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. அடியில் உடைந்த காரையும் கல்லின் அடித்துண்டும் அசையாமல் இருந்தன. பேயாண்டி மேலும் சாமி மேலும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது. அங்கேயே நின்று வாய்விட்டுத் திட்டினேன். நல்லவேளை, மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மேளம் நின்ற பிறகுதான் திட்ட வேண்டியது யாரை என்று உறைத்தது.

மறுநாள் சனிக்கிழமை விடியற்காலையில் டேப்போடு போனேன். முத்துத்தாய் ஒரு முனையைப் பிடித்தாள். குழியிலிருந்து மரத்தடி வரை இருநூற்று ஐம்பத்திரண்டு மீட்டர். அரை மணி நேர வேலை. முள்ளும் குத்தவில்லை. அங்கேயே மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டேன். மூவாயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டு மீட்டரைப் பதினொன்று ஐம்பத்திரண்டில் ஓடுகிறவள், மூவாயிரத்தைப் பத்து ஐம்பத்தேழில் முடிப்பாள். பதினொன்று பத்து போதும் என்று கேட்டவர்களுக்கு, அவள் ஆனி மாதத்திலேயே பதின்மூன்று வினாடி மிச்சம் வைத்துத்தான் ஓடியிருக்கிறாள்.

தேர்வு ஓட்டம் மறுநாள் ஞாயிறு. சங்கச் செயலாளருக்கு டவுன்ஹால் ரோடு பக்கம் இரும்புக் கடை. வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்று, மைல் கல், கருப்பசாமி, பாறை வெட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பட்டியல் மூன்று வாரத்துக்கு முன்பே மெட்ராஸ் போய்விட்டது, பிள்ளைகளும் நேற்றே ரயில் ஏறிவிட்டார்கள் என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருபது வருசமா இந்தப் படிவத்தப் பாக்குறேன் சார். கொறச்சு எழுதாத ஆளே கிடையாது. கூட்டி எழுதுன ஆளு நீங்க ஒருத்தர்தேன்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வியந்துதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். ஸ்யாமளா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பி.எட். படிவம் போய்விட்டது, தேர்வு ஓட்டம் நாளைக்கு, தெரிந்து என்ன ஆகப் போகிறது? ஆனால் அளவில் பொய் சொல்லக் கூடாது என்று அவளிடம் கூரை அதிர முழங்கியவன் நான். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். முறத்தில் உளுந்து அப்படியே நின்றது.

"வெட்டுக்குள்ள, எடது பக்கம் இருக்கே, அந்தக் குழியா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"தெனம் அதைத் தாண்டித்தான் ஓடினேன்" என்றாள்.

திட்டுவாள், அழுவாள், அப்பாவைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். உளுந்தைப் புடைத்து முடித்து டப்பாவில் கொட்டினாள். ஏணியைப் போட்டுப் பரணிலிருந்து ஷூவை எடுத்தாள். காலையில் ஐந்தரைக்குக் கிளம்பலாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, மெட்ராஸில் ஓடுகிறவர்கள் வரிசையில் நிற்கிற அதே நேரத்துக்கு, அவள் குவாரி லைனில் என் சுண்ணாம்புக் கோட்டில் நின்றாள். மழையில் பாதி அழிந்திருந்தது. கிளப்பிவிட்டு, வண்டிப் பாதையில் வெறி பிடித்தவன்போல் மிதித்து, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, மேட்டில் ஏறி வெட்டுக்குள் போய்க் குழிக்குப் பக்கத்தில் நின்றேன். வளைவில் அவள் தலை தெரிந்தது. அவள் ஓடுவதை மேட்டின் மேலிருந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஜல்லி தெறிக்க, தோள் அசையாமல் வந்தாள். குழியைத் தாண்டினாள். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று மூன்று. மூன்று வாரம் ஓடாமல் கிடந்தும் பதினொன்று மூன்று.

அவள் நிற்காமல் வேம்படி வரை போய்விட்டுத் திரும்பி நடந்து வந்தாள், பின்னாலேயே சொம்போடு முத்துத்தாயும். நான் கடிகாரத்தை அவளிடம் நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. எவ்வளவு என்று கேட்கவும் இல்லை. இடுப்பில் கையை வைத்து மூச்சு அடங்கும்வரை நின்றாள்.

"நீ கல்லை நம்பினே. சாமின்னு நெனச்சே, போகட்டும்" என்றாள். "என் காலே சொல்லித்துண்ணா. அதை விட்டுட்டு உன்னைப் போய் ஏன் நம்பினேன்னுதான் ராத்திரி பூரா யோசிச்சேன்."

அதற்குப் பதிலாக அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். கடிகாரத்தைப் பையில் போட்டேன். அதற்குள் அவள் முத்துத்தாய் நீட்டிய சொம்பை வாங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.